கார் ஷெட்டில் அண்ணி

அண்ணனைப் பார்க்க வந்தவள், வீட்டுக்குள் நுழையாமல் கார் ஷெட் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

சக்கர நாற்காலியில் அண்ணன். அவருக்கு எதிரே, அவருடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, முழங்கை வரை கிரீஸோடு அண்ணி. கை என்ஜினுக்குள் இருந்தது.

அண்ணன் உயிரையே வைத்திருந்த கார் அது. அவரைவிட ஒரு வயது மூத்தது. என்ஜினை வெளியே எடுத்து, அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டிருந்த நேரத்தில்தான் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்தது. பேச்சும் நின்றது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்தவர் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தும் அண்ணன் உதட்டைப் பிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த மனுஷரைக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டு, ஸ்பேனர் பிடிக்கவே தெரியாத அண்ணி அவர் என்ஜினில் கை வைத்திருக்கிறாள்.

"என்ன அண்ணி இது?"

"சேர்த்து மாட்டறேன். புத்தகம் இருக்கு, பார்த்துத்தான் செய்யறேன்" என்றாள் அண்ணி, நிமிராமல்.

இரண்டு நாளில் திரும்பலாம் என்று வந்தவளுக்குப் போக மனசு வரவில்லை. தினமும் அதே கூத்துதான். முதல் பிஸ்டன் போக வேண்டிய இடத்தில் அண்ணி மூன்றாவதை நுழைப்பாள். எண் கண்ணெதிரே பொறித்திருக்கும். அண்ணனுக்கு முகம் சிவந்துவிடும். இடது கையால் நாற்காலியைத் தட்டுவார். கழுத்து நரம்பு புடைக்க, "ம்... மூ..." என்று ஏதோ தொண்டையிலேயே சிக்கும்.

அண்ணி விடமாட்டாள். பிஸ்டனைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே பிடிப்பாள்.

"இது இல்லையா? அப்ப எதுன்னு சொல்லுங்க."

அவர் கண்ணில் நீர் முட்டும். பார்த்துக்கொண்டிருக்கும் இவள் பயந்துபோவாள். இந்தத் தவிப்பிலேயே இன்னொரு முறை பக்கவாதம் வந்துவிட்டால்? கேஸ்கெட்டைத் தலைகீழாக வைத்த அன்று அவர் மூச்சு வாங்கிய வாங்கலில், ஆம்புலன்ஸுக்கே போன் செய்யப் போனாள். அண்ணி அவர் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று மறுபடி ஸ்பேனரை எடுத்தாள்.

அண்ணிக்குக் கல் மனசு என்று தன் கணவரிடம் போனில் சொல்லி அழுதாள். அண்ணனை நம் வீட்டுக்கே கூட்டிவந்துவிடுகிறேன் என்றாள். அவரும் சரி என்றார்.

மறுநாள் காலை அண்ணியிடமும் சொல்லிவிட்டாள். அண்ணி சண்டை பிடிக்கவில்லை. என்ஜினை இன்று காருக்குள் இறக்கிவிடுகிறேன், அதற்கு மட்டும் கொஞ்சம் கூட இரு என்று கேட்டுக்கொண்டாள்.

மேலே உத்தரத்திலிருந்து பாரம் தூக்கும் செயின் பிளாக் தொங்கியது. அதன் கொக்கியில், பட்டை கட்டிய என்ஜின். சங்கிலியை மெதுவாக இழுத்து இறக்குவது இவள் வேலை. அண்ணி குனிந்து, என்ஜினுக்கு அடியில் கையை விட்டு, போல்ட் நுழையும் துளையைத் தடவித் தேடினாள்.

"இன்னும் கொஞ்சம் இறக்கு."

இறக்கினாள். என்ஜின் லேசாக ஆடியது.

பின்னாலிருந்து அண்ணன் குரல் வந்தது. வழக்கமான முனகல் இல்லை, ஏதோ அறுபடுவது போல. திரும்பினாள். அவர் உடம்பு முழுக்க நடுங்கியது. மறுபடி வந்தேவிட்டது என்று சங்கிலியை விட்டுவிட்டு அவரிடம் ஓடினாள். அவர் இவளைப் பார்க்கவில்லை. கண் மேலே, கொக்கியிலேயே குத்திட்டு நின்றது. பட்டை கொக்கியின் நுனிக்கு நழுவிக்கொண்டிருந்தது.

"கை..." என்றார். "கையை... எடு."

அண்ணி வெடுக்கென்று கையை இழுத்தாள். பட்டை நழுவியது. தரை அதிர என்ஜின் விழுந்தது, அண்ணியின் விரல்கள் இருந்த இடத்தில்.

"கை... கை..." என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார். அண்ணி தட்டுத்தடுமாறிப் போய் அவர் முன்னால் மண்டியிட்டாள். பத்து விரலையும் விரித்துக் காட்டினாள். அவர் இடது கையால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

இவளுக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. தெரியாத வேலையில் ஏன் இறங்கினீர்கள், தினமும் ஒரு தப்பு செய்து அவரைப் பாதி கொன்றது போதாதா, இன்று நீங்களும் போயிருப்பீர்களே என்று கொட்டித் தீர்த்தாள்.

அண்ணி வெளிறிப்போயிருந்தாள்.

"கொக்கியோட பூட்டைப் போட மறந்துட்டேன். இது ஒண்ணுதான் நான் தெரியாம செஞ்ச தப்பு."

"இது ஒண்ணுதானா? அப்ப அந்த பிஸ்டன், கேஸ்கெட் எல்லாம்?"

அண்ணி அவர் மடியில் முகத்தைச் சாய்த்துக்கொண்டாள்.

"சரியா மாட்டினா உன் அண்ணன் கண்ணை மூடிக்கறார். தப்பா மாட்டினாத்தான் பேச வாயைத் திறக்கறார்."