கல்கண்டும் சோம்பும்

“ஊது” என்றாள் காவேரி.

கண்ணப்பன் சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, வாசலில் நின்றபடியே ஊதினான். அதே வாசனை. அளிந்துபோன பலாச்சுளையும் புளிப்பும் கலந்தது. அப்பனைச் சாராயம் கொண்டுபோகும்வரை அந்த வாசனையோடு வளர்ந்தவள் அவள். அவளிடம் மறைக்க முடியுமா?

“கவர்மெண்ட்டு சாராயக்கடைய மூடி ரெண்டு மாசமாவுது. உனக்கு மட்டும் எங்கய்யா கெடைக்குது?”

“எங்கம்மா மேல சத்தியமா நான் தொடலடி.”

“உங்கம்மா செத்து நாலு வருசமாவுது. நல்லா ஆளு பாத்து வெச்சிகினியே, சத்தியம் பண்ண!”

பென்னலூர்ப் பக்கம் அவன் வேலை பார்த்த ஸ்பிரிங் கம்பெனியில், ஷிஃப்டுக்கு வருகிற எவனும் கேட்டில் நிற்கும் கோதண்டராமன் முகத்தில் ஊதிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மிலிட்டரியிலிருந்து வந்த அந்த வாட்ச்மேன் ஆவணியில் மட்டும் கண்ணப்பனை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார். மூன்றாவது முறை பிடிபட்டால் வேலை போய்விடும். வருகிற திங்கட்கிழமை பர்மனென்ட் லெட்டர் கையெழுத்தாக வேண்டும். ஆறு வருஷமாகக் காத்திருந்த லெட்டர்.

அவன் சத்தியம் நிஜமாகவே இருந்துவிடாதா என்று, முதலில் அவள் சாப்பாட்டின் மேல்தான் பழியைப் போட்டாள். கூழுக்குக் கடித்துக்கொள்ளும் பச்சை வெங்காயம் நின்றது. பூண்டுத் துவையலும் கருவாடும் முள்ளங்கியும் நின்றன. கொய்யா இலையை மெல்லச் சொன்னாள், கிராம்பை அடக்கிக்கொள்ளச் சொன்னாள். வாசனை மட்டும் போகவில்லை.

பக்கத்து வீட்டு மீனம்மாள்தான் வழி சொன்னாள்.

“வெங்காயத்துக்கு மோரு, பூண்டுக்கு ஏலக்கா, கருவாட்டுக்கு எலுமிச்சை. ஆனா அந்தக் கருமத்துக்கு இதெல்லாம் பத்தாதுடி. கல்கண்டும் சோம்பும் அடக்கினு போவச் சொல்லு. எங்கூட்டுக்காரரு ரெண்டு வருசம் அப்டித்தான் கேட்டைத் தாண்டுனாரு.”

“குடிய வுடச் சொல்லாம மறைக்கச் சொல்றியேக்கா?”

“மொதல்ல வேலையக் காப்பாத்து. அப்பால தொடப்பத்த எடு.”

அன்றிலிருந்து அவன் சட்டைப் பையில் ஒரு பொட்டலம் கல்கண்டு. வேலைக்குப் போகுமுன் ஒரு சொம்பு, வந்ததும் ஒரு சொம்பு என்று வெல்லமும் ஏலக்காயும் கரைத்த பானகம். அவன் சொம்பை வாங்கி மூச்சுவிடாமல் குடித்தான்.

“இன்னொரு சொம்பு குடு காவேரி. தொண்டை காய்ஞ்சிபோவுது.”

“குடிகாரனுக்குத்தான் இப்டித் தாகம் எடுக்கும்” என்று சொல்லிக்கொண்டே கொடுத்தாள்.

அவனுடைய காக்கிச் சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கியது. குடி ஆளையே கரைக்கிறது என்று நினைத்தாள். மூன்று நாள் அவனோடு பேசவில்லை. பானகத்தை மட்டும் நிறுத்தவில்லை.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கூட வேலை செய்யும் நடேசனின் தோளில் கண்ணப்பன் சாய்ந்திருந்தான்.

“கேட்டுல ஒண்ணுமில்ல அண்ணி. ‘இன்னாய்யா, கல்யாண வூட்லேர்ந்து நேரா வர்றியா’ன்னு சிரிச்சிகினேதான் வுட்டாரு. மெஷின்ல நின்னுகினு இருந்தவன் அப்டியே சாஞ்சிட்டான். குடிச்சிட்டு வந்துகீறான்னு சூப்பர்வைசர் லெட்டரக் கிழிச்சிப் போட்டுட்டாரு.”

காவேரிக்கு அவனை அடிக்க வேண்டும் போல் இருந்தது. ஆனால் அவன் வெகுதூரம் ஓடி வந்தவனைப் போல் இரைத்துக்கொண்டிருந்தான். கண் பாதிதான் திறந்திருந்தது. ஆட்டோவிலேயே ஏறி, ஸ்ரீபெரும்புதூர் பெரியாஸ்பத்திரிக்கு விடச் சொன்னாள்.

ஆஸ்பத்திரி வாசலில் அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. டாக்டருக்கு முன்னால் மானம் போகக் கூடாதே என்று, அவன் பையில் இருந்த கல்கண்டை எடுத்து இரண்டு துண்டு நாக்கின் மேல் வைத்தாள். அவன் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லப் பார்த்தான்.

“பேசாத. நாறுது” என்றாள்.

உள்ளே பெண் டாக்டர் கேட்பதற்கு முன்பே, தலையைக் குனிந்துகொண்டு அவளே சொல்லிவிட்டாள். “சாராயம்மா. எவ்ளோ சொல்லியும் வுடல.”

டாக்டர் குனிந்து அவன் மூச்சை ஒருதரம் மோந்தார். கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டார்; குரல் மாறியிருந்தது.

“யாரும்மா சாராயம்னு சொன்னது? இது சர்க்கரை வியாதி முத்துன மூச்சு.”