பதினோரு மீன்கள்

"முதல்ல அந்தச் சுத்தியலைக் கீழ போடுப்பா!"

ஸ்பெயினிலிருந்து போனில் அலறினாள் ரின்ஸ்கா. 'சுத்தியலோடு வந்திருக்கிறேன்' என்று வாயை விட்டதுதான் வீப்ரன் செய்த தப்பு. ரின்ஸ்கா வீட்டுக் கொல்லையில், உறைந்துபோன மீன்குளத்தின் ஓரம் மண்டியிட்டிருந்தான்.

"ஒரு ஓட்டை போடணும், அவ்வளவுதானேக்கா?"

"ஐஸைத் தட்டினா அந்த அதிர்ச்சியிலயே மீன் செத்துடும். பானையில வெந்நீர் கொண்டாந்து ஐஸ் மேல வை. தானா உருகும். அடியில சேர்ற கெட்ட காத்து வெளிய போகணும். தினமும் காலையில எட்டு மணிக்கு. வெச்சிட்டு எனக்குப் போன் பண்ணு."

"வெயில்ல உக்காந்துக்கிட்டு நல்லா அதிகாரம் பண்றீங்க!"

குளிர்காலம் வந்தால் ரின்ஸ்கா ஹாலந்தை விட்டு ஸ்பெயினுக்குக் கிளம்பிவிடுவாள். இந்த முறை பதினோரு மீன்களையும் பார்த்துக்கொள்ளும் வேலையை எதிர்வீட்டு வீப்ரன் தலையில் கட்டிவிட்டுப் போனாள். போயும் போயும் இவனிடமா என்று தெருவே பேசியது. செப்டம்பரில் மனைவி யெல்லியை அடக்கம் செய்துவிட்டு வந்தவன், வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தான். யெல்லி தூக்கத்திலேயே போய்விட்டாள். பக்கத்தில் படுத்திருந்தும் தனக்குத் தெரியாமல் போயிற்றே என்பதுதான் அவனை அரித்தது.

அதனாலோ என்னவோ, இந்த மீன்களில் ஒன்றுகூடச் சாகக்கூடாது என்று அவனுக்கு ஒரு வெறி வந்துவிட்டது. பனி கொட்டினாலும் எட்டு மணிக்குப் பானையோடு வந்து நின்றான். ஓட்டை வழியே எட்டிப் பார்த்தால் கருப்பாகத் தண்ணீர்தான் தெரியும்.

"ஒண்ணுகூடக் கண்ணுல படலையேக்கா."

"அடியில தூங்குது. தொந்தரவு பண்ணாத. தீனியும் போட்டுடாத, இந்தக் குளிர்ல செரிக்காது. ஆமா, நீ சாப்பிட்டியா?"

மார்ச்சில் ஐஸ் முழுக்க உருகித் தண்ணீர் தெளிந்தது. அடியில் கிடந்த கற்கள் வரை தெரிந்தது. மீன் ஒன்றையும் காணோம். குச்சியை விட்டுத் துழாவினான், சருகுதான் வந்தது. நாரைக்குப் பயந்து போட்டிருந்த மூடுவலையைப் பார்த்தான். அது சுவரோரம் சுருண்டு கிடந்தது. நேற்று எடுத்தவன் திரும்பப் போடவில்லை.

உடனே போன் செய்தான்.

"அக்கா... வலையைப் போட மறந்துட்டேன். பதினொண்ணையும் நாரை தின்னுடுச்சு. என்னை நம்பி விட்டுட்டுப் போனீங்க..." மேலே பேச முடியாமல் அழுதுவிட்டான்.



"அழாதப்பா. மீனெல்லாம் அக்டோபர்லயே என் தம்பி வீட்டுக் குளத்துக்குப் போயாச்சு. நல்லா இருக்கு."

"அப்போ நான் மூணு மாசமா வெந்நீர் வெச்சது?"

"யெல்லி போனதுலேர்ந்து பட்டப்பகல்லயும் உன் வீட்டு ஜன்னல்ல திரை மூடியே இருந்துது. நம்ம தெருவுல யாராவது அப்படி வெப்பாங்களா? நான் ஊருக்குக் கிளம்பிட்டா, நீ உயிரோட இருக்கேன்னு தினமும் எட்டு மணிக்கு எனக்கு யார்ப்பா சொல்லுவா?"