நாற்பத்தொரு விநாடி

“நாளைக்குக் கொஞ்சம் கையை அடக்கி வேலை செய். உன்னைக் கெஞ்சிக் கேக்குறோம்.”

குழாயடியில் நாலு பெண்கள் அவளைச் சூழ்ந்து நின்றார்கள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டே, “பார்க்கலாம்” என்றாள்.

“பார்க்கலாம்னா என்ன அர்த்தம்? நாளைக்கு உன் வேகத்தை அளந்து, எல்லாருக்கும் எண்ணூறு பெட்டின்னு போட்டுட்டா இவ எப்படி முடிப்பா? ஏழு மாசம்.”

சொன்னவள் வயிற்றைத் தாங்கி நின்ற பெண்ணைக் காட்டினாள். முகம் துடைத்தவள் நகர்ந்துவிட்டாள்.

“இவளா விட்டுக் கொடுப்பா? எழுதி வச்சுக்கோ, நாளைக்கு நம்ம வயித்துல மண்ணுதான்.”

அது மருந்துக் கம்பெனியின் பேக்கிங் கூடம். அட்டையை மடித்து, தடுப்பு வைத்து, பன்னிரண்டு பாட்டில் அடுக்கி, டேப் ஒட்டினால் ஒரு பெட்டி. மூன்று வருஷத்துக்கு முன்பு நடந்த போட்டியில் அவள் ஒரு பெட்டியை முப்பது விநாடியில் முடித்தாள். மின்னல் என்று பேர் வந்தது, சுவரில் படம் மாட்டினார்கள். அடுத்த மாதமே, ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்நூறு பெட்டியாக இருந்த கணக்கு அறுநூறாகிவிட்டது.

அன்றிலிருந்து மின்னலோடு யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அறுநூறுக்கு மேல் யாரும் ஒரு பெட்டிகூடப் போடுவதுமில்லை. அவளும் அறுநூறோடு நிறுத்திக்கொள்வாள்.

மறுநாள் காலை மேனேஜர் எல்லாரையும் நிற்க வைத்துப் பேசினார். “நிர்வாகமும் தொழிலாளர்களும் ஒரே வண்டியில பூட்டின ரெண்டு மாடு மாதிரி. சேர்ந்து இழுத்தாத்தான் வண்டி நகரும்.”

“வண்டியில உட்கார்ந்திருக்கிறது யாருன்னு சொல்லவே இல்லையே” என்று பின்வரிசையில் ஒருத்தி முணுமுணுத்தாள். யாருக்கும் சிரிக்கத் தெம்பில்லை.

பிறகு கடிகாரக்காரர் வந்தார். வேலைக்கு நேரம் குறிக்க வெளியிலிருந்து வரவழைக்கப்பட்டவர். ஐம்பதைத் தாண்டிய, தூக்கமில்லாத முகம். கையில் நிறுத்துக் கடிகாரம், அட்டையில் செருகிய தாள்.

“மின்னலை வச்சுப் பாருங்க சார். அவ நேரந்தான் எல்லாருக்கும்” என்றார் மேனேஜர்.

மின்னல் மேஜை முன் நின்றாள். கூடமே வேலையை மறந்து பார்த்தது. இருபது பெட்டி. முடிந்ததும் கடிகாரக்காரர் கூட்டி, வகுத்து, தாளில் எழுதினார்.

“சராசரி நாப்பத்தொரு விநாடி.”

நாலு மேஜை தள்ளி யாரோ மூச்சை விடும் சத்தம் கேட்டது.

மேனேஜர் முகம் சிவந்துவிட்டது. “யாரை ஏமாத்துற? முப்பது விநாடியில முடிச்சவ நீ. படம் சுவத்துல தொங்குது. இவங்க எல்லாம் சேர்ந்து சொல்லிக் கொடுத்தாங்களா?”

மின்னல் தலையைக் குனிந்துகொண்டாள்.

“பேசு. இல்லேன்னா நாளையிலிருந்து வர வேண்டாம்.”

“அவங்க யாரும் காரணமில்ல சார்” என்றாள் மெதுவாக.

ஏழு மாதக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இருங்க சார்” என்றார் கடிகாரக்காரர். “இருபத்திரண்டு வருஷமா இதே பொழப்பு எனக்கு. வேலை சரியாத்தான் நடந்துது. நாப்பத்தொண்ணுதான் எழுதப் போறேன். ஓய்வு நேரத்தைக் கழிச்சா அறுநூறு பெட்டி வரும். இப்ப இருக்கிற கணக்குதான்.”

“அவ முப்பதுல முடிப்பா சார்.”

“அது ஒரு நாள், கைதட்டலுக்கு ஓடின ஓட்டம். உங்களுக்கு வருஷம் முழுக்க ஓடணும்ல? அவங்க நின்ன மேஜை அவங்க இடுப்புக்குக் கீழ இருக்கு. அதை நாலு விரக்கடை உயர்த்துங்க. பாட்டில் தட்டைக் கைக்கெட்டுற தூரத்துல வையுங்க. ஆறு மாசம் கழிச்சுக் கூப்பிடுங்க, மறுபடி பார்க்கலாம். அவங்களையும் அனுப்பிடாதீங்க. இன்னிக்கு அவங்களை அனுப்பினா நாளைக்கு ஒருத்தர்கூட எனக்கு நேரம் காட்ட மாட்டாங்க.”

மேனேஜர் தாளை வாங்கிக்கொண்டு விடுவிடுவென்று போய்விட்டார்.

டீ இடைவேளையில் மின்னலுக்கு முதல் தம்ளர் வந்தது. ஏழு மாதக்காரி அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். “உன்னை என்னென்னமோ பேசிட்டேன்க்கா. மனசுல வச்சுக்காதே.”

“எம்மாடி, என்ன நடிப்பு. நானே நிஜம்னு நம்பிட்டேன்” என்றாள் நேற்று ‘வயித்துல மண்ணு’ என்றவள்.

மின்னல் சிரித்து வைத்தாள்.

சாயங்காலம் வாசல் பக்கம் கடிகாரக்காரர் பையோடு நின்றிருந்தார். அவள் தனியாக வந்ததும் ஒரு தாளைக் காட்டினார்.

“முதல் பெட்டி முப்பத்தாறு விநாடி. கடைசிப் பெட்டி நாப்பத்தாறு. வேணும்னு மெதுவாப் பண்றவங்களுக்கு நேரம் இப்படி ஏறாதும்மா. டேப் இழுக்குறப்ப கட்டைவிரல் நின்னு நின்னு போச்சு. உங்க முழு பலத்தையும் போட்டுத்தான் நாப்பத்தொண்ணு. எத்தனை நாளா கை இப்படி இருக்கு?”

அவள் வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

“ஒரு வருஷமாச்சு சார்.”

“டாக்டர்கிட்டக் காட்டுங்க. பயப்படாதீங்க, மேனேஜர்கிட்ட நான் சொல்ல மாட்டேன்.”

“அவருக்குத் தெரிஞ்சாக்கூடப் பரவாயில்ல சார். அவங்களுக்குத் தெரிய வேணாம்.” அவள் உள்ளே பார்த்தாள். நாலு பெண்களும் அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். “மூணு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் என்னோட சிரிச்சுப் பேசுறாங்க.”