பிரேக் இன்ஸ்பெக்டர்

"பிரேக்கைப் புதுசா மாத்தியாச்சு. பிரேக் இன்ஸ்பெக்டருக்குப் புகையில என்னாங்க வேலை?" என்று மல்லுக்கு நின்றாள் தையல்நாயகி. அவள் புருஷன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலைகுனிந்திருந்தான்.

இன்ஸ்பெக்டர் நடராசன் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "பேருதாம்மா அப்படி. டாக்சின்னா எல்லாத்தையும் பார்ப்பேன். இவ்வளவு புகையோட சர்டிபிகேட் கிடையாது."

"விழுப்புரம் ரோட்டுல டாக்சி ஓட்டிப் பொழைக்கலாம்னு, மல்லாட்டை வெளைஞ்ச நிலத்தை வித்து வாங்கினோம். பழைய காரானாலும் பட்டாட்டம் ஓடும்னு சத்தியம் பண்ணான் அந்த ஆளு!"

"அவன் எங்கே இருக்கான்?"

"இதே திண்டிவனந்தாங்க."

"அவன் வாசல்லயே காரை நிறுத்திட்டு உக்காருங்க. எஞ்சினைச் சரிபண்ணித் தர்ற வரைக்கும் எழுந்திருக்காதீங்க."

"யாருனா பெரிய மனுஷன் வந்து மிரட்டினா?"

"நானே வந்து சொன்னாலும் எழுந்திருக்காதீங்க!"

சாயங்காலம் வீடு திரும்பிய நடராசன் திகைத்து நின்றார். அவர் வீட்டு வாசலில் அதே கார். பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள் தையல்நாயகி.

"வாங்க சார், நியாயம் கேக்க வந்தீங்களா? இதாங்க அந்த ஆளு வூடு!"

உள்ளே, அவர் வீட்டோடு தங்கிப் பழைய கார் வியாபாரம் பார்க்கும் மைத்துனன் துரைக்கண்ணு, அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தான்.

"எழுந்திருக்காதீங்கம்மா" என்ற நடராசன், உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்:

"துரைக்கண்ணு, சட்டையைக் கழட்டிட்டு வெளியே வா. எஞ்சினைப் பிரிக்கணும்!"