எதிர்வீட்டுக் கேக்

போனை வைத்ததும் கொரீன் முதலில் கண்ணாடியைத்தான் பார்த்தாள். முகத்தில் எதுவும் தெரியக்கூடாது.

எதிர்வீட்டு ரோவினாவின் புருஷன் ஹாலிஸ் போய்விட்டான். பயிற்சி விமானம் விழுந்துவிட்டதாம். அலுவலகத்திலிருந்து சொன்னார்கள்: ஆள் வந்து சேரும்வரை அவள் கூடவே இரு, ரேடியோ பக்கம் விடாதே, நீயாக வாயைத் திறந்துவிடாதே.

ஹூஸ்டனில் அந்தத் தெருவுக்கே தெரிந்த முறைதான். நிலவுக்குப் போகப் பயிற்சி எடுக்கிறவன் செத்தால், கூடப் பறக்கிற இன்னொருவன்தான் நேரில் வந்து சொல்ல வேண்டும். ஒரு விதவைக்கு ஒருவன். அதுவரை பக்கத்துவீட்டுக்காரி காவல்.

ஆனால் கொரீனும் ரோவினாவும் பேசி ஆறு மாதமாகிறது. அடுத்த பயணத்தில் ஒரே ஓர் இடம்தான் பாக்கி. ஹாலிஸுக்கா, கொரீனின் புருஷன் வேடுக்கா என்று வெள்ளிக்கிழமை சொல்வதாக இருந்தார்கள். அந்தச் சின்னப் பயிற்சி ஜெட்டில் இரண்டு பேர் போகலாம்; ஹாலிஸுக்குப் பின்னால் உட்கார்வதைவிட வேலையையே விட்டுவிடலாம் என்று சொல்லித் திரிகிறவன் வேட்.

கொரீன் அழத்தான் நினைத்தாள். 'அப்போ நிலவுக்கு வேட்தான்' என்று மனசு முந்திக்கொண்டது. சீச்சீ, நானெல்லாம் ஒரு பொம்பளையா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டி முடிப்பதற்குள், டி.வி.காரர்கள் வந்தால் எதை உடுத்துவது என்பதுவரை போய்விட்டாள்.

கதவைத் திறந்தால் ரோவினாவே வாசலில் நிற்கிறாள். கையில் பீச் பழக் கேக்.

"பழசையெல்லாம் மறந்துடுடி. சும்மா உன்கூட உக்காந்துட்டுப் போலாம்னு வந்தேன்."

சமாதானத்துக்கு வர நல்ல நாள் பார்த்தாளே, பாவி.

ரேடியோவை அணைக்கக் கை நீட்டினாள். அதற்குள் ரோவினாவே அணைத்துவிட்டாள். தலை இடிக்கிறதாம். நல்லதாகப் போயிற்று.

போன் அடித்தது. இருவரும் எழுந்தார்கள்.

"விடுடி, எவனாவது பத்திரிகைக்காரனா இருப்பான்" என்றாள் ரோவினா. அதுவும் நல்லதாகப் போயிற்று.

ரோவினா பெரிய துண்டாக வெட்டித் தட்டில் வைத்தாள். போன வருஷம் இரவல் கேட்டும் தராத நீலக் கவுனைக்கூடத் தருவதாகச் சொன்னாள். "நீயே வச்சுக்க. நான் எப்படியும் புதுசு எடுக்கணும்."

ஆமாம், எடுக்கத்தான் வேண்டும். கறுப்பில்.

கொரீனும் சளைக்கவில்லை. "பாரேன், உன் ஹாலிஸ்தான் போகப்போறான்" என்றாள். செத்தவனுக்கு விட்டுக்கொடுப்பதில் என்ன நஷ்டம்?

"சேச்சே, அது உன் வேடுக்குத்தாண்டி."

இப்படியே போட்டி போட்டுக்கொண்டு இருவரும் நிலவை விட்டுக்கொடுத்தார்கள். கேக் நன்றாக இருந்தது.

வாசலில் கார் வந்து நின்றது.

கொரீன் ரோவினாவின் கையைப் பிடித்தாள். அதே நேரம் ரோவினாவின் மற்ற கை அவள் தோளில் விழுந்தது.

"தைரியமா இருடி."

இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

ஜன்னலுக்கு வெளியே காரின் இரண்டு பக்கக் கதவும் திறந்தன. இருவர் இறங்கி வந்தார்கள். ஒருவன் ரோவினாவைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான்.

மற்றவன் கொரீனைப் பார்த்து.