மின்னல் கேட்ட மானிட்டர்

இதை எனக்குச் சொன்னவள் என் சின்ன மகள்தான். போன ஞாயிற்றுக்கிழமை, மழையில் காயாத துணிகளை ஃபேனுக்கு அடியில் விரித்துப் போட்டுக்கொண்டே சொன்னாள். கம்ப்யூட்டர் கடையில் மானிட்டர் விற்கிறவள் அவள்.

முந்தின நாள் கடையில் எல்லோரும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது ஓர் அண்ணியும் கொழுந்தனும் வந்தார்களாம். பையனுக்கு இருபது வயதுக்கு மேல் இருக்கும். வலது கையில் முழங்கை வரைக்கும் கட்டு.

"கேம் ஆடணும், படமும் பாக்கணும்னு சொல்றான். எதும்மா நல்லது?" அண்ணிதான் கேட்டாள்.

சின்னவள் இரண்டு மானிட்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டாள்.

"இது கேமுக்கு. எவ்வளவு வேகமா ஓடினாலும் இழுக்காது. கலர் மட்டும் கொஞ்சம் வெளுப்பு. அந்தப் பெருசு, படம் பாக்க. கறுப்புன்னா கறுப்பாவே தெரியும். ஆனா வேகமா ஆடினா உருவம் கலங்கி நிழல் தட்டும். விலை ரெண்டும் ஒண்ணுதான்."

"இதுதான்." கேம் மானிட்டரை இடது கையால் தொட்டான் பையன்.

"அதுதான்." பெரியதைக் காட்டினாள் அண்ணி.

"அண்ணி, நிழல் தட்டினா எதிரி என்னைச் சுட்டப்புறம்தான் அவன் வந்ததே எனக்குத் தெரியும். என் டீம்ல எனக்குப் பேரே மின்னல்!"

"ஆமா, மின்னல். குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டுன்னா மட்டும் ஆமை."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணி சிரிக்கவில்லை.

"படம்னா நானும் கூட உக்காந்து பாப்பேன்ல?" என்றாள்.

"நீங்களா? பேரு போட்டு முடிக்கிறதுக்குள்ள குறட்டை விடுவீங்க. அண்ணன் என் இஷ்டத்துக்கு வாங்கிக்கச் சொன்னாரு."

"உங்க அண்ணன் கப்பல்ல உக்காந்துக்கிட்டு ஆயிரம் சொல்லுவாரு. வீட்டுல கூட இருக்கிறவ நான். எப்பப் பாரு டப்பு டுப்புன்னு சுட்டுக்கிட்டு... ஆடினது போதும்டா."

"கட்டைப் பிரிச்சதும் வந்துடுவேன்னு டீம்ல சொல்லி வெச்சிருக்கேன், அண்ணி."

"வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லு."

பையனின் முகம் சுண்டிப் போயிற்று. "உங்களைக் கூட்டிட்டு வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே, கீபோர்டுகள் அடுக்கியிருந்த கோடியில் போய் நின்றுகொண்டான்.

சின்னவளுக்கு மனசு கேட்கவில்லை. பெற்றவளாக இருந்தால் இப்படி வெட்டிப் பேசுவாளா என்று உள்ளுக்குள் பொருமினாள். வாயும் சும்மா இருக்கவில்லை.

"மேடம், அடிபட்டிருக்கிற பையன். ஆசைப்பட்டதைத்தான் வாங்கிக் குடுங்களேன். விலையில ஒரு வித்தியாசமும் இல்லையே?"

அண்ணி கோடியைத் திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அச்சாபீஸ்ல பேப்பர் வெட்டுற மெஷின்ல மாட்டிக்கிச்சும்மா அந்தக் கை. நேத்து டாக்டர் என்னை மட்டும் உள்ள கூப்பிட்டுச் சொன்னாரு. நரம்பு போனது போனதுதானாம். மூணு விரல் இனிமே மடங்காதாம். கட்டைப் பிரிக்கிறப்ப பக்குவமா சொல்லிக்கலாம்னு இருக்கேன்."

சின்னவளின் பார்வை கோடியில் நின்ற பையனின் கட்டுக்குப் போயிற்று.

"நான் கல்யாணமாகி வந்தப்ப அவனுக்குப் பால் பல்லு விழுந்துக்கிட்டிருந்த வயசு. என் கையில வளந்தவன். அந்த மானிட்டரை வாங்கி வெச்சா, ஆட முடியாம தினம் அது மூஞ்சியிலதானே முழிக்கணும்? அதுக்கு, அண்ணி ஆட விடலைன்னு என் மேல கோவமா இருந்துட்டுப் போகட்டும். என்னைத் திட்டினா ஆறிடும். தன் கையையே வெறுத்தான்னா தாங்கமாட்டான்மா அவன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பில் போடப் போய்விட்டாள்.

அவள் நகர்ந்ததும் பையன் வந்தான். அவனிடம் எதையும் சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை சின்னவளுக்கு.

"தம்பி, அண்ணியைத் தப்பா நினைக்காதீங்க. உங்க நல்லதுக்குத்தான்..."

"பெருசுக்குத்தானே பில் போடுறாங்க?"

"ஆமா."

"அப்பாடா" என்றான் பையன்.

சின்னவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் கட்டுப் போட்ட கையைக் குனிந்து பார்த்தான்.

"உள்ளுக்குள்ள விரலை அசைச்சுப் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்க்கா. மூணு விரல் நான் சொன்னா கேக்கமாட்டேங்குது. நேத்து டாக்டர் ரூமை விட்டு வெளிய வந்தப்ப அண்ணி மூஞ்சியைப் பாத்தேன். மிச்சமும் புரிஞ்சுபோச்சு. டீம்ல எனக்குப் பதிலா வேற ஆளையும் சேத்து விட்டாச்சு."

"அப்புறம் எதுக்குத் தம்பி, கேம் மானிட்டர்தான் வேணும்னு அத்தனை சண்டை?"

"பெருசு போதும்னு உடனே தலையாட்டியிருந்தா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அண்ணி கண்டுபிடிச்சிருப்பாங்க. அவங்க உடைஞ்சு போயிடுவாங்கக்கா."

அதற்குள் அண்ணி பில்லோடு திரும்பி வந்தாள். பையன் சட்டென்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"உர்ருன்னு நிக்காத, வா போகலாம்."

"எல்லாம் உங்க இஷ்டம்தானே!"

அவன் எரிந்து விழுந்ததும் அண்ணியின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. பெட்டியின் ஒரு பக்கத்தை அவள் பிடித்துக்கொள்ள, மறுபக்கத்தை அவன் இடது கையால் தாங்கிக்கொள்ள, இருவரும் வாய்ச்சண்டை போட்டபடியே மழையில் இறங்கிப் போனார்களாம்.

அந்தக் கட்டை எப்போது பிரிக்கிறார்களோ, தெரியவில்லை. நீங்கள் இன்றைக்குச் சாமி கும்பிடும்போது, அந்த இரண்டு பேருக்காகவும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.