விற்பனைக்கு ஒரு வலது கை

“இது என் கை இல்ல.”

சேதுபதி சொன்னதைக் கேட்டுத் தாரகா சிரித்துவிட்டாள்.

கேம்பல் லேன் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், தான் எடுத்த படங்களை மேசை நிறையப் பரப்பிவைத்து உட்கார்ந்திருந்தாள் அவள். பிடித்த படத்தை அங்கேயே வாங்கலாம். இல்லையென்றால் அவளுடைய இணையப் பக்கத்துக்குப் போய், அளவைச் சொல்லி, வீட்டுக்கே வரவழைக்கலாம்.

நடு மேசையில் அந்தப் படம் இருந்தது. தேநீர்க் கிளாஸைச் சுற்றிப் பிடித்த ஒரு கறுத்த கை. கீழே ‘உழைப்பு’ என்று பெயர். இணையத்தில் அவளுக்கு அதிகம் விற்ற படம் அதுதான்.

“உங்க கைதான் அண்ணே. கட்டை விரல்கிட்ட வெல்டிங் சுட்ட தழும்பு, மணிக்கட்டுல சிவப்புக் கயிறு. நான்தானே எடுத்தேன். நீங்களும் ஓகே சொன்னீங்க லா.”

சொன்னான்தான். அதை அவன் மறுக்கவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால், டன்லப் ஸ்திரீட் டீக்கடைக்கு அவள் கேமராவோடு வந்தாள். முகம் வேண்டாம், கை மட்டும் போதும் என்றாள். அரை மணி நேரம் எதிரில் உட்கார்ந்து அவன் கதையைக் கேட்டாள். பெண்டாட்டியிடம்கூட முழுசாகச் சொல்லாததை அவன் அவளிடம் சொன்னான். கடைசியில், “இத எல்லாரும் பார்க்கணும் அண்ணே” என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் கையைக் காட்டினான். அவள் குடித்த டீக்கும் அவனே காசு கொடுத்தான்.

நேற்றுக் காலை அதே படம் அவன் வேலைத்தளத்தில் கதவு அகலத்துக்குத் தொங்கியது. ஓரத்தில் பொடி எழுத்தில் அவள் பெயர். அறைத் தோழன் ஒலி முகம்மதுதான் அந்தப் பெயரைப் போனில் தட்டி, அவள் பக்கத்தைக் கண்டுபிடித்து, இந்தச் சந்தைக்கு வருவாள் என்பதையும் பார்த்துச் சொன்னான். இப்போது துணைக்கு வந்து பக்கத்தில் நிற்கிறான்.

“உங்க கம்பெனி ப்ராப்பரா லைசென்ஸ் வாங்கித்தான் போட்டிருக்கு அண்ணே. உங்களுக்கும் ஷேர் வேணும்னா பேசலாம். நான் யாரையும் ஏமாத்தல.”

“நான் காசு கேட்டனா?”

பக்கத்து மேசைக்காரி திரும்பிப் பார்த்தாள். படம் பார்த்துக்கொண்டிருந்த இருவர் மெல்ல நகர்ந்தார்கள். வேலைத்தளச் சட்டை போட்டவன் குரல் கொஞ்சம் ஏறினால் போதும், சுற்றி நிற்கிறவர்களுடைய கை தானாகவே தங்கள் பைக்குப் போய்விடும்.

“அப்ப வேற என்னதான் வேணும்?”

“நீ எடுத்த படம் வேணும். எடுத்தது எடுத்தபடி.”

தாரகாவின் சிரிப்பு நின்றது. கையை நீட்டி, மேசையில் இருந்த படத்தைக் கவிழ்க்கப் போனாள்.

“கவுக்காத. அது அப்படியே இருக்கட்டும்.”

இத்தனை நேரம் கால்சட்டைப் பைக்குள் இருந்த வலது கையை வெளியே எடுத்தான் சேதுபதி. படத்துக்குப் பக்கத்தில் வைத்தான்.

படத்தில் ஐந்து விரல். மேசையில் மூன்று.

மோதிர விரலும் சுண்டு விரலும் இருந்த இடம் தையல் போட்ட சாக்கு மூலை மாதிரி இருந்தது. படத்திலோ அந்த இரண்டும் கிளாஸைப் பாந்தமாகப் பிடித்திருந்தன. இல்லாத விரலை ஒட்டவைத்த கம்ப்யூட்டரைக் குறை சொல்ல முடியாது. சுண்டு விரல் நகத்துக்குள் சிமெண்ட் அழுக்கைக்கூட வைத்திருந்தது.

“வாங்குறவங்க கேட்டாங்க அண்ணே.” அவள் குரல் இறங்கியிருந்தது. “அப்படியே போட்டா பார்க்கிறவங்க பயப்படுவாங்கன்னு சொன்னாங்க.”

“பயப்படட்டும்னுதானேம்மா காட்டுனேன்.”

கம்பி வளைக்கிற மெஷினில் பாதுகாப்பு மூடி இருந்தால் வேலை ஓடாது என்று கழற்றிப் போட்டிருந்தார்கள். விரல் போனது அதில்தான். கழற்றச் சொன்னது யார் என்பது வரைக்கும் அன்றைக்கு அவளிடம் சொல்லியிருந்தான். தலையாட்டித் தலையாட்டிக் கேட்டாளே.

அந்த மெஷினுக்கு நேர் மேலேதான் படத்தை மாட்டியிருக்கிறார்கள். ‘எங்கள் கைகள் இங்கே பத்திரம்’ என்று நான்கு மொழியில் எழுதி.

மூடியை இன்னும் போடவில்லை.

சேதுபதிக்கு இப்போது வாசலில் லாரிக்குக் கொடி காட்டுகிற வேலை. மெஷினுக்கு வேறு ஆளைப் போட்டாயிற்று.

“ஒரிஜினல் வீட்டுல இருக்கு அண்ணே. தர்றேன்.” தாரகா அவன் கையைப் பார்க்காமல் சொன்னாள். “ஆனா உங்களுக்குத்தான் விரல் போயிடுச்சே. இனிமே அத வச்சு என்ன பண்ணப் போறீங்க?”

சேதுபதி பக்கத்தில் நின்றவனைத் திரும்பிப் பார்த்தான்.

ஒலி முகம்மது குனிந்து, படத்தில் இருந்த சுண்டு விரலைத் தன் சுண்டு விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாளைக் காலை எட்டு மணிக்கு அந்த மெஷினில் நிற்க வேண்டியவன் அவன்தான்.